பால் இல்லாமல் வளர்ந்த பிள்ளை

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையொப்பம் வைக்கத்தான். எழுத்துப் பிழைகளை மகள் பார்த்துத் திருத்தித் தந்தாள். அவள் கண்ணுக்கும் தப்பியவை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாட்சி சொல்லும் நேரம் வந்தால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். ஆண்டவருடைய நன்மையைச் சொந்தமாக அனுபவித்தவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்று எங்கள் போதகர் ஐயர் கேட்பார். பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். நான் எழுந்ததில்லை. சின்ன வயதில் ஒரு தடவை எழுந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வாயால் சொல்ல வராதவர்கள் எழுதியாவது தாருங்கள் என்று போன மாதம் ஐயர் சொன்னபோது, அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். என் வயதுக்காரர்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். நான் எதையாவது மாற்றி எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் பழைய லயத்தை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், இடித்துவிட்டார்கள். நீண்ட வரிசை வீடு, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை. இரண்டு காம்பராவுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே திறந்தே கிடக்கும். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்களுக்கு இருமல் வரும். அடுத்த வீட்டுச் சண்டைக்கு எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்லலாம்.

எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தது பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் தாத்தாவின் சாவு. அம்மா பிறந்ததிலிருந்தே வேதக்காரி. அப்பா அம்மாவைக் கட்டிச் சில வருடம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தார். எடுத்த கொஞ்ச நாளிலேயே தாத்தா போய்விட்டார். பெட்டியை மூடுமுன் எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது விக்கிரகச் சடங்கு, தொடக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"பெத்த அப்பன் வாயில ஒரு பிடி அரிசி போட ஒனக்குக் கை வரலல்ல? இனிமே எனக்குத் தம்பி கெடையாது" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்.

இப்போது யோசித்தால், அப்பா அரிசி போடாவிட்டாலும் பக்கத்தில் போய்த் தாத்தாவின் கையையாவது பிடித்திருக்கலாம். அதைத் தடுக்கிற வசனம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அன்று அதைச் சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் வாயில் வைக்கக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டுவிட்டார். எல்லாம் சாமிக்குப் படைத்தது என்பார். ஒரு தீபாவளிக்குப் பெரியம்மா அனுப்பிய பலகாரத்தை, தட்டோடு அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ஐப்பசி மழையில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. தங்கச்சி அப்போது கைப்பிள்ளை. இருமல் நிற்கவில்லை, பிறகு ரத்தம் வந்தது. பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் என்று சொல்லி, தனி வார்டில் சேர்த்துவிட்டார்கள். மாதக் கணக்கில் இருக்க வேண்டும், பிள்ளையைப் பக்கத்தில் விடக் கூடாது என்றார்கள். அப்பா தங்கச்சியைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். அந்தத் துவாயில் அம்மாவின் வாசம் இருந்தது. அதைத் துவைக்க வேண்டாம் என்று நான் அழுததாகப் பிறகு சொல்வார்கள்.

பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் தங்கச்சி அப்படியே கக்கிவிடும். வயிற்றாலும் போனது. கடைசியில் கஞ்சித் தண்ணீரை வடித்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தோம். குடிக்கும், அழும், தூங்கும், மறுபடி அழும். தொடை மெலிந்து தோல் மடிந்துவிட்டது. தோட்டத்து மருத்துவிச்சியம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவைத் திட்டினார்.

"உந்தக் கஞ்சித் தண்ணி பிள்ளைக்குக் காணாது. பால் குடுக்கிற தாய் ஆரையாவது பாருங்கோ. இல்லாட்டிப் பிள்ளை தப்பாது."

"ஆண்டவரு பாத்துக்குவாருங்க, அம்மா."

"அவர் பாப்பார். நீங்களும் கொஞ்சம் பாருங்கோவன்."

எங்கள் லயத்தில் அப்போது கைப்பிள்ளைக்காரி பெரியம்மா மட்டும்தான். அவருக்கும் ஒரு பையன், தங்கச்சியை விடச் சில மாதம் மூத்தவன். அது அப்பாவுக்கும் தெரியும். அவர் போத்தலைக் கழுவப் போனார்.

மாலையில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அப்பா முழங்கால் போடுவார். அவருக்கு மெதுவாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, இந்தப் பச்சப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டும். அதோட வயித்த நீரே நெரப்பும்" என்று அவர் ஆரம்பித்தவுடன் அந்தப் பக்கம் பெரியப்பா ரேடியோவைத் திருகுவார். அப்பா சத்தத்தைக் கூட்டுவார், ரேடியோவும் கூடும். சில நாள் சாம்பிராணிப் புகை சுவர் ஏறி இறங்கும். அப்பா ஜெபத்தின் நடுவே இருமுவார். எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் தங்கச்சி அழுதுகொண்டிருக்கும்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டு வாசம் வரத் தொடங்கியது. சுறாக் கருவாடும் பூண்டும் சேர்ந்து வேகிற வாசம். கிழமை தவறாமல் வந்தது. "அண்ணனுக்கு வாய் நீண்டுபோச்சு" என்று அப்பா முணுமுணுத்தார். நாங்கள் ரொட்டியும் சம்பலும் தின்றோம்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைக்காம்பரா. மலைக்குக் கொழுந்து ஆயப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். கூரை மரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பால் கொடுக்கிற தாய்மாரை மட்டும் காலையில் ஒரு தடவையும் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தடவையும் மலையிலிருந்து இறங்க விடுவார்கள். அப்பா காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் தங்கச்சியைக் கஞ்சிப் போத்தலோடு அங்கே ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் இடைவேளையில் நான் தங்கச்சியைப் பார்க்க ஓடினேன். தொட்டில் வெறுமையாக இருந்தது. பின்பக்கம் ஆயாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

பெரியம்மா சுவரில் சாய்ந்து தரையில் இருந்தார். கூடையும் இடுப்பில் சுற்றுகிற நனைந்த சாக்கும் ஓரமாகக் கிடந்தன. நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம் சிவந்திருந்தது. ஒரு மடியில் அவருடைய மகன். மறு மடியில் என் தங்கச்சி, கண்ணை மூடிக்கொண்டு, காது அசைய அசையக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏண்டி, ரெண்டு கன்னுக்குட்டியும் சேந்து இழுக்குதே, தாங்குமா ஒனக்கு?" என்று ஆயா கேட்டார்.

"தாங்கலன்னா நீ வந்து குடேன், கெழவி. ஒனக்குத்தான் எட்டுப் புள்ள பெத்த அனுபவம் இருக்கே."

"எங்கிட்ட இப்ப தோலுதான் இருக்கு. அது சரி, ஒம் புருசனுக்குத் தெரிஞ்சா? இந்தப் புள்ளையோட அப்பனுக்குத் தெரிஞ்சா?"

பெரியம்மா சொன்னதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டால் மற்றது விளங்காது. "சொவத்துக்கு அந்தப் பக்கம் இது அழுவுது, இந்தப் பக்கம் எனக்கு ரவிக்க நனையுது. நான் என்னா செய்ய? சொவத்தக் கட்டுனவன் ஒழுங்காக் கட்டியிருக்கணும்."

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"டேய், இங்க வா. ஒங்கப்பங்கிட்ட மூச்சு விட்ட, காத அறுத்துப் பீலியில போட்டுருவேன். ஒங்கப்பனுக்குத் தெரிஞ்சா புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவான். பெறகு இது செத்துப் போவும். வெளங்குதா?"

விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றே கவலை. அப்பாவுக்குத் தெரிந்தால் தங்கச்சி செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கும். அன்று தங்கச்சியைக் குளிக்க வைக்கிறேன் என்று நான் தண்ணீர்ப் பீலிக்குத் தூக்கிப் போவேன். பெரியம்மா துணி துவைக்கிற சாட்டில் அங்கே இருப்பார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் பிள்ளை குடிக்கிற சத்தம் யாருக்கும் கேட்காது.

மார்கழி முடியுமுன் தங்கச்சிக்குக் கன்னம் வந்துவிட்டது. தொடையில் சதை பிடித்தது. மருத்துவிச்சியம்மா ஒரு நாள் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அப்பா வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். ஒரு ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அழுதார். "பால் இல்லாம, வெறும் கஞ்சித் தண்ணியில எம் புள்ளையக் கர்த்தரு கொழுகொழுன்னு ஆக்கிட்டாரு. வனாந்தரத்துல மன்னா குடுத்தவரு எங் காம்பராவுக்கும் வந்துட்டாரு" என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்போது சபையை நடத்திய உபதேசியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் நல்ல மனுஷன், ஆனால் எதிலும் அவசரம். அறுப்பின் பண்டிகைக்குப் பதுளையிலிருந்து பெரிய ஐயர் வருகிறார், அவர் முன்னால் இந்தச் சாட்சியைச் சின்னப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு வரிதான், தம்பி. பயப்படாத. 'என் தங்கச்சியைப் பால் இல்லாமல் கர்த்தர் போஷித்தார். அவர் நல்லவர்.' எங்க, சொல்லு."

வீட்டிலும் அப்பா சொல்ல வைத்தார். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் ஆண்டவர் முன்னால் பொய். சொல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், உண்மை வெளியே வந்துவிடும். பீலியில் பெரியம்மாவிடம் அழுதுகொண்டே கேட்டேன்.

"இதுக்கா அழுவுற? கர்த்தரு குடுத்தாருன்னே சொல்லிட்டு வா. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போவாது. நான் என்ன கடையில வாங்கியா குடுத்தேன்? அதுவா சொரக்குது."

"பால் இல்லாமன்னு சொல்லச் சொல்றாங்க, பெரியம்மா."

அவர் துவைத்த துணியைக் கல்லில் போட்டுவிட்டுச் சிரித்தார். "அத மட்டும் சொல்லாத. பாலு இல்லாம எந்தப் புள்ளடா வளந்துச்சு?"

பண்டிகை நாள் நல்ல வெயில். கோவில் முழுக்கப் பூசணியும் வாழைத்தாரும் முள்ளங்கியும் கீரைக் கட்டும். காலைக் கட்டிய சேவல் ஒன்று பிரசங்கம் முழுக்கக் கூவியது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து முன்னால் போனேன். பெரிய ஐயரின் வெள்ளை அங்கி என் முகத்துக்கு நேரே இருந்தது.

"என் தங்கச்சியை..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பின்னாலிருந்து அப்பா "சொல்லுடா, சொல்லு" என்றார். நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிலர் சிரித்தார்கள். கடைசியில் உபதேசியார் என் தோளில் கை வைத்து, மிச்சத்தை அவரே சொல்லிமுடித்தார். நான் போய் இருந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருட்களின் ஏலம். நம் சபை ஏலத்துக்குத் தோட்டத்தில் எல்லாரும் வருவார்கள், வேதக்காரர், சைவர் என்று பார்ப்பதில்லை. பெரியப்பாவும் வந்திருந்தார், அந்தச் சேவலுக்காக.

"ஒங்க சாமி கோயில்ல வெட்டவா எடுக்குறீங்க?" என்று உபதேசியார் தயங்கினார்.

"ஏலத்துல எடுத்தா வெட்டுறதோ வளக்குறதோ என் இஷ்டம். நீங்க ஏலத்தக் கூறுங்க."

பெரியம்மா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஆராதனை நீண்டுபோனதால் தங்கச்சிக்குப் பசி வந்துவிட்டது. அப்பா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். கஞ்சிப் போத்தலை வாயில் வைத்தார். அது தள்ளிவிட்டது. அப்போது தலையைத் திருப்பிப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டது.

அதற்குப் பேச வராது, ரகசியமும் தெரியாது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அப்பாவின் தோளிலிருந்து பாய்ந்தது. பெரியம்மா பிடிக்காவிட்டால் விழுந்திருக்கும். ஒரு கையில் பிடித்தார். பிடித்த அடுத்த நொடி அது முகத்தை அவர் ரவிக்கையில் புதைத்து முட்ட ஆரம்பித்தது.

ஏலம் நின்றுவிட்டது. உபதேசியாரின் கையில் ஒரு பூசணிக்காய். பெரிய ஐயர், சபையார், லயத்துச் சனம் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார்.

பிள்ளைக்காம்பரா ஆயாதான் முதலில் வாய் திறந்தார். "என்னா எல்லாரும் பாக்குறீங்க? தெனமும் குடிக்கிற புள்ளதானே!"

பெரியப்பா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "வெயில்ல நின்னுகிட்டு என்னா? உள்ள போயி ஒக்காந்து குடு." உள்ளே என்று அவர் காட்டியது எங்கள் கோவிலை.

பெரியம்மா தன் மகனை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வாங்குப் பலகையில் முதுகு காட்டி இருந்தார். அழுகை நின்றது.

அப்பா கஞ்சிப் போத்தலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு உபதேசியாரிடம் போனார்.

"நான் சொன்ன சாட்சி தப்புங்க, ஐயா."

"தப்புன்னு சொல்ல முடியாது, நீங்க தெரியாமத்தான..."

"தப்புங்க. ஆண்டவரு பால் குடுத்திருக்காரு. நான் பால் இல்லன்னு சொல்லிட்டேன்."

நான் எழுத நினைத்தது இந்த ஒரு வரிதான். என் ஆயுசில் நான் கேட்ட பிரசங்கங்களில் இதைவிடப் பெரியது எனக்கு நினைவில்லை.

அண்ணனும் தம்பியும் அன்றே கட்டிப்பிடித்தார்கள் என்று எழுதினால் அது பொய். அன்று மாலை ஜெபத்தில் அப்பா அண்ணன் பெயரையும் அண்ணி பெயரையும் சொன்னார். ரேடியோ பாடவில்லை. பிறகு சில வருடம் அவர்கள் பிள்ளைகளை நடுவில் வைத்துத்தான் பேசினார்கள். "ஒங்கப்பங்கிட்ட மண்வெட்டி இருக்கான்னு கேளு" என்பார் பெரியப்பா, அப்பா பக்கத்திலேயே நின்றாலும். தங்கச்சி பகலில் அந்த வீட்டிலேயே வளர்ந்தது.

கருவாட்டு விஷயம் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் உறைத்தது. சுறாக் கருவாடும் பூண்டும் பால் சுரக்கச் சமைப்பது. பெரியப்பாவுக்கு முதலிலேயே தெரியுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "தெரியாமலா கெழம தவறாம பதுளைக்குப் போயிக் கருவாடு வாங்கியாந்தாரு? ஒத்தப் புள்ளைக்கு அவ்வளவு எதுக்கு? நானும் சொல்லல, அவரும் கேக்கல" என்றார்.

அம்மா சுகமாகித் திரும்பி வந்தார். அதையும் ஆண்டவர் செய்தார். ஆனால் தங்கச்சி அம்மாவிடம் போகவில்லை. தூக்கினால் கத்தியது, பக்கத்து வாசலைப் பார்த்துக் கை நீட்டியது. அம்மா பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய் அழுதார். நன்மை என்று சொல்கிறோம், அதற்குள் இப்படியும் ஒரு வலி இருந்தது. பெரியம்மா பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, பிள்ளையை அம்மா மடியில் வைத்துவிட்டுத் தான் மலைக்குப் போய்விடுவார். அப்படித்தான் மெதுவாக அது அம்மாவிடம் வந்தது.

அடுத்த பொங்கலுக்குப் பெரியம்மா ஒரு கிண்ணத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இது படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்தது. தாராளமாச் சாப்புடலாம்."

சாமிக்கு வைக்குமுன் பானையில் கரண்டி போடுவது அவர்களுக்குப் பெரிய குற்றம். அப்பாவும் அதில் வளர்ந்தவர்தானே, அவருக்குத் தெரியாதா?

"அண்ணி, அது ஒங்களுக்குக் குத்தமில்லையா?"

"குத்தந்தான். அத நான் சாமிகிட்டச் சொல்லிக்கிறேன். நீங்க ஆறுறதுக்கு முன்ன சாப்புடுங்க."

அப்பா நின்றபடியே சாப்பிட்டார். ஆண்டவருடைய நன்மையை நீ சொந்தமாக அனுபவித்தது உண்டா என்று கேட்டால், உண்டு. நான் அதைப் பார்த்தேன், கிண்ணத்தில் மிச்சம் இருந்ததைத் தின்றேன்.

அப்பாவும் அம்மாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை. தங்கச்சி எல்ல ஊரில் ஒரு தங்குமிடத்தில் சமைக்கிறது. பெரியம்மா இருக்கிறார், கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். அவரைக் கேட்காமல் இதைக் கொடுப்பது சரியில்லை என்று, நேற்று மகளைக் கூட்டிப் போய் முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, "வெக்கங்கெட்டவனே, ரவிக்க நனஞ்சதையுமா எழுதுவ?" என்றார். பிறகு, "ஒங்கப்பன் நல்லவன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?" என்று கேட்டார்.

மகள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். எழுதியிருக்கவில்லை.

"அப்ப அதையும் சேரு."

என் அப்பா நல்லவர்.

எழுதி முடித்தது: மாசி மாதம், இரண்டாவது சனிக்கிழமை.